முயலுக்கு இரண்டு துண்டு

அன்புள்ள உங்களுக்கு,

முட்டிவலி குறைந்ததா? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்? நான் நலம். எங்கள் விடுதி முயலுக்குத்தான் நலமில்லை.

கூண்டின் கம்பித் தரையில் நின்று நின்று பின்னங்கால் குதியில் முடி உதிர்ந்து புண்ணாகிவிட்டது. எலும்பு வரை போனால் காலே போய்விடுமாம். கால்நடை மருத்துவர் களிம்பு தந்து, மெத்தென்ற, உலர்ந்த விரிப்பு போடச் சொன்னார். போட்டேன். சமையற்கார அம்மா அதைத் தினமும் அலசி, ஈரத்தோடு திரும்ப விரித்துவிடுகிறார்!

"மழையில நனைஞ்ச செருப்போட நாள் முழுக்க நின்னா உங்க கால் என்னாகும்?" என்றேன்.

"அதுக்காக அழுக்குலயா படுக்கச் சொல்றீங்க டீச்சர்? நல்லா இருக்கே நியாயம்!"

முப்பது வருடம் பாடம் நடத்திய எனக்கே பாடம் நடத்துகிறார்! ஒன்று காயும்வரை விரிக்க மாற்றுத் துணி இருந்தால்தான் இவரோடு குப்பை கொட்ட முடியும். இங்கே விற்கும் புதுத் துணியெல்லாம் சொரசொரப்பு. அதனால் உங்கள் பழைய துண்டுகளில் மூன்றை உடனே அனுப்புங்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் வந்துவிடுவார்கள். இரண்டு துண்டுகளை நன்றாகத் துவைத்துக் காயவைத்து அனுப்புங்கள், அவை முயலுக்கு. மூன்றாவதைத் துவைக்க வேண்டாம். அது எனக்கு.

உங்கள்,
டீச்சரம்மா