எகுவாவின் புத்தகமும் எல்மினா உப்பும்

எல்மினா,
கிறிஸ்துமஸுக்கு மறுநாள்

என் அன்பு மருமகள் அராபாவுக்கு உன் தாய்மாமன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் இரண்டு ஆடுகளும், போன மழைக்குத் தப்பிய கூரையும் கர்த்தர் கிருபையால் நிலையாக நிற்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அந்த ராட்டர்டாம் குளிரில் விரல் விறைக்காமல் இருக்கிறீர்களா என்று முதலில் எழுது. இந்தக் கடிதத்தை விமான நிலையத்தில் எபோ உன் கையில் கொடுப்பான். அவனுடைய ஒரு கையில் இது இருக்கும், இன்னொரு கையில் அத்தை வறுத்துக் கொடுத்த ஷிட்டோ மிளகாய்த் தொக்கு பாட்டில் இருக்கும், மூன்றாவது கை அவனுக்குக் கிடையாது, ஆகையால் உன் மகள் எகுவாவை அவன் முதுகுக்குப் பின்னால் தேடாதே. அவள் வரவில்லை. என்னிடம்தான் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். எபோவை அடிக்காதே, அவன் சொன்னதைச் செய்யத்தான் வந்தான். அங்கேயே ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்து இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் யாரைத் திட்டுவது என்று முடிவு செய்.

நீ டெலிபோன் கடைக்குப் பேசியபோது சொன்னது என் காதில் விழாமல் இல்லை. “மாமா, புள்ள போன்ல அழறத மட்டுந்தான் நான் கேக்கறேன், கிறிஸ்துமஸுக்குள்ள சரியா சாப்பிடலன்னா எபோகூட அனுப்பிடுங்க, என்னால இங்க ஒரு வேலையும் ஓடல”ன்னு சொன்னாய். சரி என்றேன். நான் சொன்ன சொல் மாறாதவன் என்பது இந்தக் கடற்கரை முழுக்கத் தெரியும், கேப் கோஸ்ட் வரைக்கும் தெரியும். ஆனால் சொன்ன அன்றிலிருந்து எனக்கும் உட்கார்ந்தால் நிற்கவேண்டும்போல, நின்றால் நடக்கவேண்டும்போல இருந்தது. நர்ஸ் கிறிஸ்டியானா பிள்ளையை அங்கிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டு ஜனவரியில் கூட்டிப்போகிறேன் என்று குமாசிக்குப் போய்விட்டாள், உங்கள் ராட்டர்டாமிலிருந்து விடுமுறைக்கு வந்த எபோ அக்ராவில் அவன் வீட்டாரோடு இருந்தான். பிள்ளைக்கோ டச்சு தவிர வாயில் ஒன்றும் இல்லை, இந்தத் தெருவில் டச்சு தெரிந்தவர்கள் எல்லாரும் பழைய டச்சுக் கோட்டைக்குப் பக்கத்துக் கல்லறையில்தான் இருக்கிறார்கள். வாசற்படியில் உட்கார்ந்து நீ கொடுத்தனுப்பிய கிறிஸ்துமஸ் கதைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்ப்பாள். அத்தை கென்கே சோள உருண்டையும் பொரித்த மீனும் வைத்தால் மீனை மட்டும் கோழி கொத்துவதுபோலக் கொத்துவாள். சோறு, கோழி, வறுத்த வாழை, எல்லாம் வைத்துப் பார்த்தாள் உன் அத்தை, கடைசியில் என்னிடம், “நீங்கதான் உலகமெல்லாம் சுத்தினவராச்சே, அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த பேசி சிரிக்க வைங்க பாக்கலாம்”னு குத்தினாள். நான் அபிஜான் வரைக்கும் படகு விட்டவன்தான், ஆனால் அங்கே டச்சு பேசவில்லையே.

இதை நீ மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டுவாய், அவர் கடலே பார்க்காத ஊர்க்காரர், ஆகையால் நம் வழக்கத்தையும் அவருக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன். நம் வீட்டில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிறிஸ்துமஸ் கதைப் புத்தகம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முன்பு பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து மூங்கில் நட்டுப் பனையோலை சாத்திக் கொல்லையில் குடில் கட்டுவார்கள். முந்தின நாள் பொழுது சாய்கிற நேரத்தில் பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்து வீட்டின் தாய்மாமன் புத்தகத்தைப் படிப்பான். யாருடைய புத்தகமோ அந்தப் பிள்ளை மாமன் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் திருப்பவேண்டும். வேறு யாரும் திருப்பக்கூடாது, படிக்கிறவனும் திருப்பக்கூடாது. நான் படித்தால் புத்தகத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடத்தான் வரும், அது என் குரல்வளம், அதற்கு நான் என்ன செய்ய. நீ சின்னவளாக இருந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து, “மாமா, போன வருஷம் ஆடு வெள்ளையா இருந்துச்சு, இப்ப ஏன் கறுப்பாச்சு”ன்னு கேட்டுக்கொண்டே திருப்பியவள்தானே.

இந்த வருடம் எகுவாவின் முறை. எதிர்வீட்டு பார்ட்டல்ஸ் இருக்கிறானே, எந்தக் காலத்திலோ கோட்டையில் இருந்த ஒரு வெள்ளைக்காரனின் பெயரை இன்னும் சுமந்துகொண்டு திரிகிறவன், அவன் வந்து புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “எசுமன், இது டச்சுய்யா. உனக்கு இங்கிலீஷே நொண்டி நொண்டித்தான் வரும், இது எப்படி ஓடி வரும்?” என்றான், தெருவே கேட்கும்படி. நான் விடுவேனா. “உன் பேருல இருக்கற டச்சு உன் நாக்குல இல்லாம போச்சு, அது எங்க போச்சுன்னு நெனச்ச? எங்க தாத்தாகிட்ட வந்துடுச்சு, இப்ப என்கிட்ட இருக்கு. கோட்ட நெழல்ல பொறந்தவனுக்கு டச்சு என்னடா பெரிய டச்சு, சாயங்காலம் வந்து கேளு”ன்னு சொல்லிவிட்டேன். சொன்னதும்தான் உள்ளே கொஞ்சம் வேர்த்தது. ஆனால் படம் இருக்கிறதே, படம் எந்தப் பாஷையிலும் படம்தானே.

சாயங்காலம் ஊரில் பாதி பேர் வந்துவிட்டார்கள். இருபது பேர்தான் என்று பார்ட்டல்ஸ் சொல்வான், நம்பாதே, குடிலின் ஓலை பிதுங்கி வெளியே வந்தது. ஹர்மட்டான் காற்றின் புழுதி தொண்டையில் நிற்க, லாந்தரை ஏற்றி மாட்டிவிட்டு எகுவாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். மாட்டேன் என்று சொல்லவில்லை, ஆனால் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதல் பக்கத்தைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் வெள்ளை. நடுவில் ஒரு தட்டைப் படகு மாட்டிக்கொண்டு நிற்கிறது, உள்ளே ஒரு கிழவன், ஒரு கிழவி, வெளியே நின்று சன்னலை மூக்கால் தட்டுகிற ஒரு பெரிய வாத்து. எனக்கு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. நம் பென்யா கழிக்குப் பக்கத்து உப்பளம் வெயில் காலத்தில் எப்படி இருக்கும்? அதேதான். குரலை ஏற்றி ஆரம்பித்தேன். எல்மினாவில் ஒரு படகோட்டி இருந்தான், கிறிஸ்துமஸ் சாமான் வாங்கப் போன இடத்தில் பேராசைப்பட்டு உப்பளத்துக்குள் படகை விட்டான், வெயில் அடித்தது, தண்ணீர் வற்றியது, உப்பு இறுகியது, படகு உப்பில் மாட்டிக்கொண்டது, வாத்து உப்பு தின்று தாகம் தாங்காமல் சன்னலைத் தட்டுகிறது. பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். பார்ட்டல்ஸ்கூட உப்பு விலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டான். நானும் பக்கம் முடிந்து கொஞ்சம் இடைவெளி விட்டுப் பார்த்தேன். பக்கம் திரும்பவில்லை.

எகுவா உள்ளங்கையைப் பக்கத்தின்மேல் அழுத்தி வைத்திருக்கிறாள். “திருப்புடா கண்ணு” என்றேன். இல்லை. எல்லாரும் பார்க்கிறார்கள். அவள் முகம் சிவந்து உதடு துடிக்கிறது, ஐயோ அழப்போகிறாள், எபோவோடு போகப்போகிறாள், நான் அராபாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்போது வாயைத் திறந்தாள் பார் உன் மகள். நம் பாஷையில், நம் ஃபான்டியில், அதுவும் அட்சரம் பிசகாமல் உன் குரலில். “பொய் சொல்லாத! உப்பு இல்ல! வாய மூடு! கால மடக்கி ஒழுங்கா உக்காரு! எத்தன தடவ சொல்றது!” அப்புறம் சிரித்தார்கள் பார், ஓலை நாலு கீழே விழுந்தது. பார்ட்டல்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எசுமன், காலை மடக்குய்யா, சொல்றாங்கல்ல”ன்னான். நான் காலை மடக்கினேன். வேறென்ன செய்வது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது அராபா, நீ அந்த வீட்டில் மற்றதெல்லாம் டச்சில் பேசுகிறாய், கோபம் வந்தால் மட்டும் நம் பாஷை வருகிறது. பிள்ளைக்குத் தெரிந்த ஃபான்டி முழுக்க உன் திட்டுதான். நான் குறை சொல்லவில்லை, திட்டையாவது கொடுத்தாயே. ஆனால் உப்பு இல்லை என்றால் என்ன? அதற்கு அவளிடம் சொல் இல்லை, பனியை வைத்து நீ அவளைத் திட்டியதில்லை போலிருக்கிறது. எழுந்து நின்று தோளைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினாள், பல்லைக் கடகடவென்று அடித்தாள், கையில் ஊதினாள். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகக் கத்தினார்கள், “மலேரியா!” என்று. படகில் எல்லாருக்கும் மலேரியா, வாத்துக்கும் மலேரியா என்று தீர்ந்தது. அவள் தரையில் காலை உதைத்து, “இல்ல! காது இல்லையா உனக்கு!” என்றாள். பார்ட்டல்ஸுக்கு ஏதோ பொறி தட்டியது, ஓடிப்போய் மூலையில் குளிர்பானம் விற்கிறவளிடம் ஒரு ஐஸ் கட்டி வாங்கி வந்தான். அதைப் பார்த்ததும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. வாங்கிக் கல்லில் வைத்து நொறுக்கி, இரண்டு கையாலும் அள்ளி, மெதுவாக என் மொட்டைத் தலையில் தூவினாள். தூவிக்கொண்டே வானத்தைக் காட்டினாள், படத்தைக் காட்டினாள். ஊருக்கெல்லாம் விளங்கிவிட்டது. எனக்கு முதலிலேயே தெரியும், அவளைப் பேச வைக்கத்தான் உப்பு என்றேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், நீயும் யாராவது கேட்டால் அப்படியே சொல்.

பக்கத்தைத் திருப்பினாள். அதற்குப் பிறகு அவள் டச்சில் ஒரு வரி படிப்பாள், கையால் காட்டுவாள், நான் அதை நம் பாஷையில் எடுத்து விடுவேன், கொஞ்சம் அதிகமாகப் போனால் என் முழங்காலில் ஒரு தட்டு. பாதிப் புத்தகம் வந்ததும் டப்பென்று மூடிவிட்டு, “போதும்! எல்லாரும் பல்லு தேய்ச்சிட்டு படு! மிச்சம் அப்புறம்!” என்று தெருவையே விரட்டினாள். பெரியவர்களும் எழுந்து போனார்கள் அராபா, நான் பொய் சொல்லவில்லை. உள்ளே வந்து அத்தை முன்னால் உட்கார்ந்து, “சாப்பிடு! தட்ட காலி பண்ணு!” என்று அத்தையை அதட்டிவிட்டு, தானே ஒரு முழு கென்கேயைப் பிரித்து மீனோடு தின்றாள். அத்தை அடுப்பங்கரையில் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள், புகை என்றாள், அடுப்பு எரியவே இல்லை. நேற்று கோயிலுக்குப் போய் வந்து கோழியும் சோறும் ஒரு பிடி மிச்சம் வைக்கவில்லை.

இன்று காலை எபோ காரோடு வந்துவிட்டான். நான் அவள் பையை எடுத்து வாசலில் வைத்தேன், வைத்தேன் என்று நீ நம்பவேண்டும், சொன்ன சொல்லுக்கு நான் அந்த அளவுக்கு நின்றேன். எபோ அவளிடம் டச்சில் பேசினான், அவள் நீளமாக ஏதோ சொன்னாள், அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். என்னடா என்றேன். “பாதிப் புத்தகம் இருக்காம் மாமா. அவ போயிட்டா இந்தத் தாத்தா மீதிக் கதையையும் உப்பாக்கிடுவாராம். ஜனவரியில கிறிஸ்டியானாகூட வந்துடறாளாம்”ன்னான். அப்புறம் தலையைச் சொறிந்து, “அராபா என்ன கொன்னுடுவா”ன்னான். நான்தான், கடிதம் எழுதித் தருகிறேன், அது உன்னைக் காப்பாற்றும் என்றேன். அவன் காரில் உட்கார்ந்து ஹார்ன் அடிக்கிறான், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் மூன்று தடவை எழுந்துபோய் அவள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன், கொல்லையில் பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கச் சொல்லிக்கொடுக்கிறாள். ராத்திரி மறுபடி அழுதுவிடுவாளோ, இந்தப் புழுதிக்கு இருமுவாளோ, நான் செய்தது சரிதானா என்று மனம் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. சிரிப்பது என் வாய், நடப்பது என் கால்.

ஆகையால் மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த நேரத்துக்கு டெலிபோன் கடைக்குப் பேசு, அவளையே பேச வைக்கிறேன், நான் பக்கத்தில் நிற்க மாட்டேன். வரவேண்டும் என்று அவள் சொன்னால் நானே அக்ராவுக்குக் கூட்டிக்கொண்டுபோய் விமானம் ஏற்றுகிறேன், வாய் பேச மாட்டேன். இருக்கிறேன் என்று சொன்னால் நீ அழாதே, அவளைத் திட்டவும் வேண்டாம், அவளிடம் இருக்கிற திட்டு எங்கள் எல்லாருக்கும் போதும். அந்த வாத்தைக் கடைசியில் உள்ளே விட்டார்களா என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே, அதை அவள் வாயால்தான் கேட்பேன். நீ இங்கே வந்து ஆறு கிறிஸ்துமஸ் ஆயிற்று, உன் புத்தகம் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது, திருப்ப ஆள் இல்லாததால் நான் திறப்பதில்லை. கர்த்தர் உன் வேலையையும் வீட்டையும் மாப்பிள்ளையையும் காக்கட்டும், உனக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும். உன் வாய் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டது மகளே, என்னைக் காலை மடக்கி உட்காரவும் வைத்துவிட்டது. மிச்சமுள்ள நீ எப்போது வருகிறாய் என்று எழுது.

இப்படிக்கு,
எல்மினாவில் டச்சு தெரிந்த ஒரே ஆள்,
உன் மாமன்
க்வாமெனா எசுமன்