புஷ்பத்தின் பகல் தூக்கம்

மரைன் ஹில், போர்ட் பிளேர்
12.8.1968

அன்புள்ள மகன் திருநாவுக்கரசுக்கு அம்மா எழுதுவது. நீயும் சுசீலாவும் சென்னையில் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் தங்கை புஷ்பம்தான் பிழைப்பாளா என்று தெரியவில்லை. அவளைச் சிப்பிகாட்டுக்கே, புருஷன் வீட்டுக்கே, திருப்பி அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய், பகலில் தூங்கித் தூங்கி உடம்பில் நீர் கோத்துக்கொண்டது, மாப்பிள்ளை மேல் தப்பில்லை என்றும் எழுதியிருந்தாய். அது அந்த மாப்பிள்ளை கோவிந்தராஜ் உனக்கு ஓதியது. அவன் ஓதாததை நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

பொங்கல் கழிந்ததுமே அவளுக்கு முகமும் காலும் வீங்கத் தொடங்கிவிட்டது. ராத்திரி படுத்தால் மூத்திரத்துக்கு எழுந்து எழுந்து, கெண்டைக்கால் இழுத்து, கண் மூடுவதே இல்லை. விடிந்ததும் மாட்டுக்குப் புல், வயலில் களை, அடுப்பு. மத்தியானம் வேலையைப் பிடித்த கையோடு சாய்ந்துவிடுவாள். பகலில் படுத்தால் நீர் கோக்கும் என்று ஊரே சொல்லும், நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். அந்த வீட்டில் அதற்கு வைத்தியமே செய்திருக்கிறார்கள். மாமியார் ருக்கு கழுநீரை முகத்தில் கொட்டி, "காம்சோர், வேலைக்குக் கள்ளி, மகாராணிக்கு மெத்தை போடவா" என்று மயிரைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாளாம். கோவிந்தராஜ் மாடு ஓட்டும் கழியால் முதுகில் அடிப்பானாம், தூக்கத்தை விரட்டுகிறேன் என்று பக்கத்து வீட்டு வங்காளிகளிடம் சிரித்துக்கொண்டே சொல்வானாம். நீர் வற்ற வேண்டும் என்று குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கடைசியில் நெல் காயும் இடத்தில் தூங்கிக் கிடந்தவளை விலாவில் உதைத்தான். மூத்திரம் இரத்தமாகப் போனது. அப்புறம்தான் எனக்குச் செய்தி வந்தது, போய் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாலசுப்பிரமணியம் பார்த்தார். "தூக்கத்தால வந்த வீக்கம் இல்லம்மா, கிட்னி கெட்டுப் போயிருக்கு, அதுதான் ராத்திரி தூங்க விடல, அதனாலதான் பகல்ல விழுந்துடுறா. ராத்தூக்கம் கெடக் கெட ரத்தக்கொதிப்பு ஏறும், அது கிட்னியை இன்னும் கெடுக்கும். எப்பத் தூக்கம் வருதோ அப்பத் தூங்கட்டும், சீக்கிரம் மெட்ராசுக்குக் கொண்டுபோங்க" என்றார். தம்பி, ஆபீசிலிருந்து சாப்பிட வந்து குறட்டை விடும் உன் அப்பாவுக்கு இத்தனை வருஷமும் நான் விசிறியிருக்கிறேன். மத்தியானம் தூங்கினதற்காக எந்த ஆம்பிளையாவது உதை வாங்கி நீ பார்த்திருக்கிறாயா?

போன ஞாயிற்றுக்கிழமை கோவிந்தராஜ் வந்தான், கூடவே இங்குள்ள தமிழர் சங்கத்துத் தலைவர் சொக்கலிங்கம். "பொண்ணு பொறந்த வீட்டோட கெடந்தா நாலு பேர் காறித் துப்புவாங்க, அனுப்பி வைம்மா" என்று அவர் ஆரம்பித்தார். உள்ளே புஷ்பம் தூங்கிக்கொண்டிருந்தாள். "இங்கயும் இதே தூக்கமா, உட்டோ, எழுந்திருடி" என்று அவன் பாய்ந்து போய்க் காலைப் பிடித்து இழுத்தான், தலை நிலைப்படியில் மோதி நெற்றி பிளந்தது. உன் அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தேங்காய் வெட்டும் கத்தியைத் திருப்பிப் பிடித்து அவன் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. இன்னொரு தரம் தொட்டால் மறுபக்கம் இறங்கும் என்றேன். சொக்கலிங்கம் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி ஓடினார். போலீசில் புகார் கொடுத்திருக்கிறான். விசாரிக்க வந்தவரிடம் அடித்தது நான்தான் என்றேன், இவள் முதுகையும் பார்த்து எழுதுங்கள் என்றேன். பார்த்தார், தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மெட்ராஸ் கப்பலில் எனக்கும் புஷ்பத்துக்கும் இடம் சொல்லியாகிவிட்டது. அப்பா வரவில்லை, ஊர் முகத்தில் முழிக்க வேண்டுமாம், முழித்துக்கொண்டே இருக்கட்டும். பெரியாஸ்பத்திரியில் கிட்னி பார்க்கிற டாக்டர் யார் என்று இப்போதே விசாரித்து வை. சுசீலா மாசமாக இருக்கிறாள், மத்தியானம் கண்ணயர்ந்தால் காப்பி கேட்டு எழுப்பாதே, நீயே போட்டுக் குடி. அவளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் என் ஆசி. உனக்கு உள்ளதை நேரில் தருகிறேன்.

சமாதானம் பேசுவதாக இருந்தால் ஹார்பருக்கு வராதே, நான் ரிக்ஷா பிடித்துக்கொள்வேன். அண்ணனாக வருவதாக இருந்தால் கப்பலுக்குள் ஏறி வா. அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். எழுப்பாதே, தூக்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
மங்கையர்க்கரசி