பேஸ் குரலில் ஒரு எழுத்து

புதன்கிழமை இரவு. எழுத வராததால் ஃபோனில் சொல்லி வைக்கிறேன்.

நான் மனப்பாடமாகப் பாடும் பேஸ் என்னும் கீழ்க்குரலை, சர்ச் பாடகர் குழுவுக்குக் கொடுக்க அதே குழுவில் பாடும் சாலமோன் சார் இன்று கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஸ்வரப் புள்ளிகளை மவுசால் இழுத்து வைக்க அவர் கை நடுங்கும். இந்தப் புது புரோகிராமில் ச, ரி, க மாதிரி டோ, ரே, மீ என்று எழுத்தைத் தட்டினால் போதும். அதுதான் அவருக்குப் பிடித்துவிட்டது.

போட்டுக் கேட்டோம். மூன்றாம் வரியில், அவர் முன்பே ஏற்றியிருந்த அவருடைய டெனர் மேல்குரலோடு என் குரல் மோதியது.

“தப்பாத் தட்டிட்டீங்க சார்.”

“விரலுக்கு என்னலே தெரியும்? நீ பாடுனதத்தான் தட்டுச்சு. பழைய பாட்டுத் தாள்ல வேற மாதிரி இருக்கு. ஒரு எழுத்துதான, மாத்திரட்டுமா?”

“நாளைக்குச் சொல்லுதேன் சார்” என்று திரேஸ்புரம் பஸ் ஏறிவிட்டேன்.

முப்பது வருடமாக என் பக்கத்தில் நின்றுதான் சார் பாடுகிறார். ஒரு நாள்கூட இந்த மோதல் அவர் காதில் விழவில்லையா? விழுந்தும் சொல்லாமல் விட்டாரா?