ஒட்டி நிற்பவள்

நவம்பர் 5, செவ்வாய்

இரண்டு முழங்காலுக்கும் ஐஸ் கட்டிக்கொண்டு சோபாவில் படுத்திருந்தேன். சின்னவள் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, நீ மீன் மாதிரி இருக்கே" என்றாள். கடையில் மீனை அப்படித்தான் வைத்திருப்பார்களாம்.

அம்மா போன் செய்தாள். நேற்றைய மேட்சைப் பற்றி வழக்கமான கேள்வி.

"எத்தனை பாயின்ட் போட்ட?"

"நாலு."

"உனக்கு எதிர்ல ஆடினவ?"

"அவளும் நாலுதான்மா. சாதாரணமா இருபதுக்குக் குறைய மாட்டா."

அம்மா யோசித்தாள். "அப்போ நேத்து ரெண்டு பேருமே சரியா ஆடலையா?"

இத்தனை வருஷமாகக் கூடைப்பந்தில் சம்பளம் வாங்குகிறேன். என் வேலை பந்தைப் போடுவது இல்லை, போட விடாமல் இருப்பது என்று பெற்ற தாய்க்கு இன்னும் புரியவைக்க முடியவில்லை. டீமில் எல்லாரும் என்னைக் 'கோந்து' என்று கூப்பிடுவது எதற்கு என்றும் கேட்டிருக்கிறாள். ஒட்டினால் பிரிந்து வரமாட்டேன், அதனால்தான் என்றேன். "அதென்ன பேரு" என்று முகத்தைச் சுளித்தாள்.

நவம்பர் 16, சனி

நாளை குருவி.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று தெரியாது. பொருத்தமான பெயர். குள்ளம். ஒரு இடத்தில் நிற்கமாட்டாள், தத்தித் தத்திப் போய்க்கொண்டே இருப்பாள். திடீரென்று எம்பினால் பந்து கையை விட்டுப் போயிருக்கும். இந்த லீகில் அவளைவிட அதிகம் பாயின்ட் எடுப்பவள் கிடையாது. என்னைவிட ஆறு வயது சின்னவள். என்னைப் பார்த்தால் "கோந்து அக்கா, இன்னைக்கும் நீங்கதானா?" என்று அலுத்துக்கொள்வாள். பிடிக்கும் எனக்கு அவளை.

நவம்பர் 18, திங்கள்

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் மனசுக்குள்ளேயே அது வேறொன்றாக மாறிவிடும்.

மூன்றாவது குவார்ட்டர். ஓரத்தில் அவளுக்குப் பந்து கிடைத்தது. நான் ஒரு எட்டு பின்தங்கியிருந்தேன். பாய்ந்து போனேன், கையை உயர்த்தினேன். அவள் எம்பிவிட்டாள். பந்து போய்விட்டது. அவள் கீழே வரும்போது என் இடது கால் அவளுக்கு அடியில் இருந்தது.

எலும்பு முறிந்த சத்தம் கேட்டதா என்று டிவிக்காரன் கேட்டான். எந்தச் சத்தமும் கேட்கவில்லை; அரங்கில் அவ்வளவு கூச்சல். என் ஷூவின் மேல் அவள் கணுக்கால் மடங்கியதை என் பாதம்தான் உணர்ந்தது. இப்போதும் உணர்கிறது.

ரெஃப்ரி வீடியோவைப் பார்த்துவிட்டு என்னை வெளியே அனுப்பினார். ஸ்ட்ரெச்சரில் அவளைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்துதான் போனார்கள். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

பந்து உள்ளே விழுந்திருக்கிறது. அதை வீட்டுக்கு வந்து இவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நவம்பர் 20, புதன்

இந்த மாதம் முழுக்க ஆடத் தடை. அவளுக்கு ஆபரேஷன் முடிந்தது. இந்த சீசன் அவளுக்கு இனி இல்லை. அடுத்ததும் சந்தேகம் என்கிறார்கள்.

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். இவர் வந்து லேப்டாப்பை மூடினார். "நீ வேணும்னு காலை வச்சியா?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

வேணும்னு வைக்கல. சத்தியமா வைக்கல. ஆனா — வைக்காம இருந்திருக்கலாம் இல்ல? அந்த அரை அடியை எடுத்துக்கொண்டுதானே இத்தனை வருஷம் பிழைத்தேன். எதிரில் இருப்பவள் இறங்கும் இடம் நெருக்கமாக இருந்தால் அடுத்த தடவை எம்பும்போது அவளுக்கே ஒரு தயக்கம் வரும். அது எனக்குத் தெரியும். என் காலுக்கும் தெரியும்.

நவம்பர் 23, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறை வாசலிலேயே அவள் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். நல்ல உயரம், கதவையே மறைத்துக்கொண்டு.

"தூங்கறா" என்றார்.

உள்ளே டிவி சத்தம் கேட்டது. யாரோ சேனலை மாற்றினார்கள்.

"நான் வந்தேன்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார். சொல்லமாட்டார் என்று தெரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் சொல்லியிருக்கமாட்டேன்.

பஸ்ஸில் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார்.

நவம்பர் 28, வியாழன்

தடைக்காலத்தில் வீடு நன்றாகச் சுத்தமாகிறது. ஜன்னல்கள், ஃபேன் இறக்கைகள், சின்னவளின் ஷூக்கள். இவர் லிஃப்ட் ரிப்பேருக்குப் போய்விட்டு வந்து, "என் டூல்பாக்ஸையுமா கழுவின?" என்று கேட்டார்.

பழையதெல்லாம் ஞாபகம் வருகிறது. பள்ளிக்கூடத்தில் உயரமாக இருக்கிறேன் என்று பிடித்துப் போட்டார்கள். போட்ட பந்து கூடையைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது. முதல் கிளப் ஒரே சீசனில் 'போய் வாம்மா' என்றது. பிறகு இரண்டாம் டிவிஷன் — கூரை ஒழுகும் அரங்கங்கள், ஈரத்தைத் துடைத்துவிட்டு ஆடுவோம். அங்கே ஒருநாள் எங்கள் பெஞ்சில் ஆள் குறைந்து, உப்புக்குச் சப்பாணியாக என்னை இறக்கினார்கள். எதிர் டீமின் பெரிய கையை நான் மேட்ச் முழுக்க விடவே இல்லை. தண்ணீர் குடிக்கப் போனபோதுகூட அவள் திரும்பிப் பார்த்து, "இங்கேயும் வரியா?" என்று கேட்டாள். மறு வருஷம் பெரிய லீக். பிறகு சிறந்த தடுப்பாளர் விருது, அதுவும் இரண்டு முறை.

என்னால் ஒருத்தர் ஜெயித்தார் என்று யாரும் சொல்வதில்லை. என்னால் ஒருத்தர் ஜெயிக்கவில்லை என்பார்கள். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

டிசம்பர் 7, சனி

திரும்பி வந்த முதல் மேட்ச். நான் காவல் நின்ற பெண் இஷ்டத்துக்கு எறிந்தாள். அவள் எம்பும் ஒவ்வொரு தடவையும் என் கால் தானாகப் பின்னால் போனது. தோற்றோம்.

டிசம்பர் 10, செவ்வாய்

கோச் கூப்பிட்டு உட்கார வைத்தார். வழக்கமாகக் கத்துபவர், இன்று மெதுவாகப் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"நீ எதிர்ல ஆடறவளுக்கும் உனக்கும் நடுவுல ஒரு கட்டில் போடற அளவுக்கு இடம் விடற. பட்டும் படாமலும் ஆடறதுக்கு எனக்கு வேற ஆள் இருக்கும்மா. ஒட்டறதுக்குத்தான் நீ."

"தெரியும் கோச்."

"தெரிஞ்சா பண்ணு. இல்லன்னா கொஞ்ச நாள் பெஞ்சுல உக்காரு."

உட்கார்ந்திருக்கிறேன்.

டிசம்பர் 19, வியாழன்

மதியம் தெரியாத நம்பரிலிருந்து போன். எடுத்தால் குருவி.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. "கால் எப்படி இருக்கு?" என்றேன். கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கட்டு போட்டு மாட்டி வச்சிருக்காங்க. படுத்துக்கிட்டு எல்லா மேட்சையும் பாக்கறேன். உங்களோடதும் பாத்தேன் அக்கா. கேவலமா ஆடினீங்க."

"ம்."

"நீங்க வேணும்னு பண்ணீங்களான்னு நான் கேக்கப் போறதில்ல. கேட்டா நீங்க ஒரு பதில் சொல்லணும், நான் அதை நம்பணும். ரெண்டு பேருக்கும் வேலை."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணு. என் காலை ஒடிச்சுட்டு, அதுக்கப்புறம் நீங்க தள்ளித் தள்ளி நின்னு நல்லவங்களா ஆயிட்டா என்ன அர்த்தம்? எனக்கும் கால் போச்சு, உங்களுக்கும் ஆட்டம் போச்சு. யாருக்கு லாபம்? ஒட்டி ஆடுங்க. காலை மட்டும் பாத்து வைங்க."

"சாரி" என்றேன். ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்த வார்த்தை.

"சரி அக்கா. மாத்திரை நேரம்" என்று வைத்துவிட்டாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

நேராகப் பாயாமல், கடைசி எட்டில் உடம்பைத் திருப்பி, எம்பியவளின் பக்கவாட்டில் ஓடிக் கடந்துவிட வேண்டும். கை மேலே, கால் வெளியே. யோசிக்கச் சுலபம். காலுக்குப் பழசு ஊறிப்போயிருக்கிறது.

ஹாலில் பயிற்சி. இவர்தான் குருவி. சுருட்டிய சாக்ஸ் பந்து, துணிக்கூடை வலை. சின்னவள் விசிலோடு ரெஃப்ரி. இவர் ஒரு விரல் அளவுகூட எம்பவில்லை. ஆனால் இறங்கும்போது மட்டும் கால் உடைந்தவர் மாதிரி தரையில் உருண்டார். சின்னவள் அவரையே வெளியே அனுப்பினாள். "நடிக்கக் கூடாதுப்பா."

சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

ஜனவரி 11, சனி

இன்று ஒட்டினேன். நான் காவல் நின்றவள் எம்பிய எல்லாத் தடவையும் அவளுக்கு இறங்க இடம் இருந்தது. நானும் அங்கேயே, பக்கத்தில் இருந்தேன். ஜெயித்தோம். எதிர் ரசிகர்கள் மேட்ச் முழுக்க என்னைத் திட்டினார்கள். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

முழங்கால் வலி. மற்றபடி ஒன்றுமில்லை.

மார்ச் 29, சனி

சீசன் முடிந்தது. அரையிறுதியில் தோற்றோம், கௌரவமாக. கடைசி விசிலுக்குப் பிறகு நான் காவல் நின்ற பெண் என்னைக் கட்டிப்பிடித்து, "இனிமே கனவுலயும் வராதீங்க" என்றாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மேனேஜர் கூப்பிட்டிருந்தார். மேஜைமேல் ஒரு தூசி இல்லை. டீ வரவழைத்தார். டீ வந்ததுமே புரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த அறையில் எனக்கு டீ கொடுத்ததில்லை.

"உங்க திறமையில எந்தக் குறையும் இல்லைங்க. ஆனா நவம்பர்ல நடந்தது... ஸ்பான்சர் எல்லாம் கேக்கறாங்க. நீங்க புரிஞ்சுப்பீங்க."

புரிந்துகொண்டேன். டீயைக் குடித்து முடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

லாக்கரைக் காலி செய்யும்போது கோச் வந்து வாசலில் நின்றார். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், என் ஷூ பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார்.

மே 14, புதன்

போன் அடித்தால் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். சின்னவள்கூட.

எந்தக் கிளப்பும் கூப்பிடவில்லை. முப்பத்திரண்டு வயது, தேய்ந்த முழங்கால்கள், 'காலை ஒடித்தவள்' என்ற பெயர். யார் கூப்பிடுவார்கள்? பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலை இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். மைதானம் நன்றாக இருக்கிறது. ஹெட்மிஸ்ட்ரஸ் மரியாதையாகப் பேசினார். ஜூனில் சேருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு. வெயில்ல மட்டும் நிக்காதே" என்றாள். பிறகு, போனை வைப்பதற்கு முன்னால், "உனக்கு வருத்தமாடி?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"ஒரு தொப்பி வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் குருவியின் கிளப்பிலிருந்து அவர்களுடைய கோச் பேசினார். கறாரான அம்மா; வணக்கம்கூட அரையாகத்தான் வந்தது.

"அவ அடுத்த சீசனுக்குத் தயாராகறா. கால் சேர்ந்துடுச்சு. மனசு இன்னும் சேரல. எங்க ஆளுங்க யாரும் அவ கிட்டவே போக மாட்டேங்கறாங்க, கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தள்ளி நிக்கறாங்க. அவதான் சொன்னா, கோந்து அக்காவை எடுங்கன்னு. நான் வேண்டாம்னேன். எங்க நிர்வாகமும் வேண்டாம்னுச்சு. அவங்க அண்ணன் வீட்டுல சாப்பிடறதையே நிறுத்திட்டாராம்."

"அப்புறம்?"

"அவ பிடிச்சது உடும்புப் பிடி. வரீங்களா?"

ஹெட்மிஸ்ட்ரஸிடம் எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டே போனேன். அவர் கேட்டுவிட்டு, "ஆட முடியறவரைக்கும் ஆடுங்க. ஸ்கூல் எங்கே ஓடிடப் போகுது?" என்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

புது டீமில் முதல் பயிற்சி. உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. யாரும் முகத்தைத் திருப்பவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. குருவி மட்டும் தத்தி வந்து, "வந்துட்டீங்களா? வாங்க, பயமா இருக்கு" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

இல்லை. முதல் பந்தை வாங்கி எம்பினாள். காற்றில் இருக்கும்போதே தலை குனிந்து என் காலைத் தேடினாள். பந்து வலையைத் தொடவே இல்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது எம்பவே இல்லை. பக்கத்தில் இருந்தவளுக்குத் தள்ளிவிட்டாள்.

நான் ஓர் எட்டு விலகினேன். கண்டுபிடித்துவிட்டாள்.

"அதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்? ஒட்டுங்க."

ஒட்டினேன். கடைசி எட்டில் நானும் குனிந்து என் காலைப் பார்த்தேன். அதை அவள் பார்த்தாளா தெரியவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

தினமும் இதே. அவள் எம்புகிறாள், குனிந்து பார்க்கிறாள், தவறவிடுகிறாள். நான் பக்கவாட்டில் ஓடுகிறேன். இன்று ஓரமாகப் போய் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எனக்குத் தெரியுது அக்கா, உங்க கால் அங்க இல்லைன்னு. ஆனா கண்ணு கேக்கல."

"பாத்துட்டுப் போ. எத்தனை நாள் பாக்கணுமோ பாரு. நான் எங்கேயும் போகல."

துண்டுக்குள்ளிருந்தே, "அதான் உங்க பிரச்சினையே" என்றாள்.

வாசலில் அவள் அண்ணன் கார் வைத்துக்கொண்டு காத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சிரிக்கவில்லை. தலையசைத்தார்.

செப்டம்பர் 11, வியாழன்

மழை. அரங்கத்துக்குள்ளே வியர்வை வாடை. சாதாரணமான பயிற்சிதான், இன்றைக்கு என்று தனியாக ஒன்றும் இல்லை.

குருவி ஓரத்தில் பந்தை வாங்கினாள். கிட்டத்தட்ட அந்த இடம்தான். நான் ஒரு எட்டு பின்தங்கியிருந்தேன். ஓடினேன், கையை உயர்த்தினேன், முடிந்தவரை நெருங்கினேன், கடைசி எட்டில் திரும்பினேன். உண்மையாகவே தடுக்கத்தான் பார்த்தேன். என் விரல் நுனிக்குச் சற்று மேலே பந்து போனது.

அவள் கீழே பார்க்கவில்லை. பந்தையே பார்த்துக்கொண்டு, கால் எங்கே இறங்குகிறது என்ற நினைப்பே இல்லாமல் இறங்கினாள்.

பந்து உள்ளே விழுந்தது.

கீழே பார்க்காமல் இறங்கியது அவளுக்குத் தெரியக்கூட இல்லை. "என்ன அக்கா, லேட்டு" என்று கேலி செய்துகொண்டே மறுபக்கம் ஓடினாள். நான் சொல்லவில்லை. கோச் பார்த்திருக்க வேண்டும். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமலே நின்றார். பிறகு ஊதினார்.

நானும் அவள் பின்னாலேயே ஓடினேன்.