அட்ஜஸ்ட் என்ற சொல்லில் நீதி இல்லை

இன்று காலை கடையில் ஒரு ஃப்ரேமைக் கருக்கிவிட்டேன். ஒரு டீச்சரம்மா வந்து, கண்ணாடி காதுப் பக்கம் இறுக்குகிறது, கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்து தர முடியுமா என்று கேட்டார். இரண்டு நிமிஷ வேலைதான். சூடாக்கும் பெட்டியில் காட்டி, காதில் மாட்டும் பகுதியை லேசாக வளைத்து, துடைத்துக் கொடுத்தால் முடிந்தது. இருபது வருஷத்துக்கு மேல் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இதே வேலையைச் செய்கிற கை இது. ஆனால் அதற்குச் சற்று முன் வந்த ஒரு ஃபோன் பேச்சு என் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்ததால், உள்ளே வைத்ததையே மறந்துபோனேன். பிளாஸ்டிக் உருகும் வாடை கடை முழுக்க நிறைந்தது. டீச்சரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்தார். புது ஃப்ரேம் போட்டுத் தருகிறேன் என்று மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை, எழுந்தேன். எழுந்தும் நிற்க முடியவில்லை. உன் ஞாபகம்தான்.

தினமும் என்னோடு ரயிலில் வரும் நீ முதன்முதலாக என் கடைக்கு வந்த அன்றும் இந்த வாடை இருந்தது. "என்னட்டி இது, வளையல் கடையில தீப்பிடிச்ச மாதிரி மணக்குது" என்றாய். நான் ஒருவருடைய ஃப்ரேமை வளைத்துக்கொண்டிருந்தேன். நீ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாத்தியா, இங்கன மட்டும்தான் அட்ஜஸ்ட்னு உள்ள சொல்லைச் சரியா புழங்குதாங்க. மொகத்துக்குத் தக்கன கண்ணாடிய வளைக்கிய. கண்ணாடிக்குத் தக்கன மொகத்த வளைன்னு ஆருட்டயும் சொல்லலியே" என்றாய். அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கல்லூரி நூலகத்தில் உனக்கு வேலை, கையெட்டும் தூரத்தில் பெரிய பெரிய அகராதிகள். உனக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டால் போதும், மீன் தலை கிடைத்த பூனை மாதிரி விடமாட்டாய்.

ஃபோன் யாரிடமிருந்து என்று சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு மார்த்தாண்டத்தில் ஒரு வரன் கூடி வந்திருக்கிறது. நீ பார்க்கும்போது பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தவள் இப்போது திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், அங்கேயே ஹாஸ்டல். பையன் துபாயில். நல்ல பையன்தான், குறை சொல்வதற்கில்லை. அப்பா இல்லை, அம்மா மட்டும் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். அந்த அம்மாதான் காலையில் கூப்பிட்டார். "கேட்டியளா, கல்யாணம் களிஞ்சா பிள்ள வேலைய விட்டுட்டு எனக்கக் கூட வந்து இரிக்கட்டு. அவன் ரெண்டு வருசத்துல வந்திருவான். ரெண்டு வருசந்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கிடட்டு" என்றார். அதட்டவில்லை, பிரியமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு உறுத்தியது.

மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது குழப்பமில்லம்மா, நான் அட்ஜஸ்ட் செய்யாம்" என்றாள். பரவாயில்லை, செய்துகொள்கிறேன் என்று அர்த்தம். ஆபீசில் பாதி மலையாளம், பாதி இங்கிலீஷ், என்னிடம் மூன்றும் கலந்து பேசுவாள். எந்த மொழியிலானாலும் அவள் கோபப்பட்டால் எனக்குத் தெரியும். கோபமே இல்லை. உன் குரலில் அவள் பேசினாள். நான் ஃபோனை வைத்துவிட்டு ஃப்ரேமைக் கருக்கினேன்.

இப்போது நம் ரயிலுக்கு வருகிறேன். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லப் போகிறேன். உனக்குத் தெரியும்தான், ஆனால் என் வாயால் நீ கேட்டதில்லை.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் காலை பாசஞ்சரில் லேடீஸ் பெட்டி. மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நான்கு பேர். இரணியலில் ஏறும் இரண்டு பேர் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள், குழித்துறையில் நீயும் நானும் ஏறி இடுக்கிக்கொண்டு உட்காருவோம். சீசன் டிக்கெட்காரிகளுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வயிற்றுப் பிள்ளைக்காரி வந்தால் ஒருத்தி எழுந்து இடம் கொடுக்க வேண்டும். அவள் பிரசவ லீவில் போனதும், எழுந்தவளுக்கு அந்த இடம் திரும்ப வந்துவிட வேண்டும். இதில் எத்தனை சண்டை நடந்தாலும் சட்டம் மட்டும் மாறியதில்லை.

பாறசாலையில் ஏறிய அந்தப் பெண் ஏழு மாத வயிற்றோடு, "சேச்சி, ஒந்நு அட்ஜஸ்ட் செய்யாமோ?" என்று கேட்டபோது நாங்கள் மூன்று பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். நீதான் எழுந்தாய். "இரி மோளே, இரி" என்றாய். இரண்டு மாதம் நின்றாய். பிறகு அவள் லீவில் போனாள். அந்த வாரம் பார்த்து நீ தங்கச்சி வீட்டு விசேஷத்துக்காக இரண்டு நாள் வரவில்லை. அதே வாரம்தான் என் நாத்தனாருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள், பழக்கமில்லாதவள், நிற்கட்டும் என்று விட மனசு வராமல் உன் இடத்தில் நான்தான் அவளை உட்கார வைத்தேன்.

மூன்றாம் நாள் நீ வந்தாய். அவளைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். ஆனால் நாத்தனாரை எழுப்பினால் வீட்டில் பேச்சு வரும். அவள் என் மாமியாரிடம் சொல்வாள், மாமியார் என் புருஷனிடம் சொல்வார். அத்தனையும் ஒரு நொடியில் கணக்குப் போட்டது என் புத்தி. "ஒரு வாரம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோடி, நான் சொல்லிப் பாக்கிறேன்" என்றேன். "அதுக்கென்ன, நான் நின்னுக்கிடுதேன்" என்று நீ கம்பியைப் பிடித்தாய்.

அந்த ஒரு வாரம் ஒன்றரை வருஷமாக நீண்டது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள், எங்கள் பெட்டிக்கு நீ. ஒரு மாதம் போனதும், "அவளுக்கு நின்னுட்டு வாறதுதான் இஷ்டம், காத்து வரும்லா" என்று இரணியல்காரி ஒருத்தி சொன்னாள். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். உன் மடித்த குடையையும் சாப்பாட்டுப் பையையும் மடியில் வாங்கி வைத்துக்கொள்வேன். பெரிய உபகாரம் செய்ததாக நினைப்பு வேறு! என் நாத்தனார் ஒருநாள், "மைனி, அந்த அக்காவுக்கு இடம் வேண்டாமா?" என்று அவளாகவே கேட்டாள். அவளுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை. "அவளுக்கு அதெல்லாம் பழகிப்போச்சு" என்று சொன்னேன். நீ இரண்டடி தள்ளி நின்றிருந்தாய். கேட்டிருப்பாய்.

நேமம் ஸ்டேஷன் தாண்டும்போது ஒருநாள் அந்தச் சொல்லின் கதையைச் சொன்னாய். அகராதியில் பார்த்துவிட்டு வந்திருந்தாய். முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை, புதுச் சேலை காட்டுகிற மாதிரி அவ்வளவு உற்சாகம். "அதுக்க வேரு லத்தீன்ல 'பக்கத்துல'ன்னு உள்ள சொல்லு, கேட்டியா. பக்கத்துல கொண்டு வா, சேத்து வைன்னுதான் முதல்ல அர்த்தம். நம்ம வண்டியில சொல்லுத அதே அர்த்தம், ஒட்டி இரின்னு! பொறவு வந்தவங்க அந்தச் சத்தத்துக்குள்ள நியாயம்னு அர்த்தம் உள்ள 'ஜஸ்ட்' கெடக்கத கண்டு, நீதியில இருந்து வந்த சொல்லாக்கும்னு நெனச்சுட்டாங்க. அந்த நெனப்புல பொருளும் மாறிப்போச்சு. தராசைச் சரியாக்க, கடிகாரத்தைச் சரியாக்க, வழக்கைத் தீர்க்க எல்லாத்துக்கும் அதுதான். ஆனா வேருல நீதியே கெடையாது பாத்துக்க. மனுசங்க ஆசைப்பட்டு உள்ள வச்சது."

"அப்பம் பொறுத்துப் போன்னு எப்பம் ஆச்சு?" என்று இரணியல்காரி கேட்டாள்.

"அது கடைசியில வந்தது. முதல்ல பொருளை அட்ஜஸ்ட் பண்ணினாங்க. பொறவு ஆளைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. ஆளுலயும் பொம்பளைய" என்று சிரித்தாய். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தேன். பிறகு நீ கொஞ்சம் மெதுவாக, என் பக்கம் பார்க்காமல் சொன்னாய்: "நாலு பேரும் ஒரு இஞ்சு நீங்கினா அஞ்சாவது ஆளு இரிக்கலாம். ஒருத்தி மட்டும் நீங்கினா அவ கீழ விழுவா. அதுக்குப் பேரு வேற."

அதற்கு என்ன பேர் என்று நான் கேட்கவில்லை. திருவனந்தபுரம் வந்துவிட்டது, எல்லோரும் இறங்க முண்டினோம்.

கொரோனா வந்து ரயில்கள் நின்றுபோன வருஷத்தில் நீ போய்விட்டாய். காய்ச்சல் என்றார்கள், ஆஸ்பத்திரி என்றார்கள், நான்காம் நாள் முடிந்துவிட்டது என்றார்கள். குழித்துறையிலிருந்து உன் வீடு எவ்வளவு தூரம்? இருந்தும் வர முடியவில்லை. உன் புருஷனிடம் ஃபோனில் அழுதேன். "அவ உங்களைப் பத்திதான் எப்பமும் சொல்லுவா" என்றார். என்ன சொல்வாய் என்று கேட்கப் பயமாக இருந்தது. ரயில் திரும்ப ஓடத் தொடங்கியபோது இருக்கைகளில் நடுவில் உட்காராதே என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். காலை நீட்டிப் படுக்கும் அளவு இடம் கிடந்தது. நான் குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் வரை கதவோரத்தில் நின்றே வந்தேன். அப்படிச் செய்தால் ஏதோ தீரும் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம். கால்தான் வலித்தது.

இன்று மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டேன். இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் வீட்டில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

"அக்கா, பிள்ளை அட்ஜஸ்ட் பண்ணுவா. நீங்க எவ்வளவு பண்ணுவியன்னு கேக்கதான் கூப்பிட்டேன்" என்றேன்.

"நானா? நான் என்னத்தப் பண்ண?"

"அவளுக்கு வாரத்துல ரெண்டு நாள் வீட்டுல இருந்து வேலை பாக்கலாம். அந்த ரெண்டு நாளும் லீவு நாளும் அவ மார்த்தாண்டத்துல உங்க கூட இரிக்கட்டு. மத்த நாள் நீங்க கழக்கூட்டம் வந்து அவ கூட இரிங்க. சின்னதா ஒரு வீடு எடுக்கலாம்."

"இந்த வயசுல நான் வீட்டைப் பூட்டிப் போட்டுட்டு வரவா? நல்ல கதையா இருக்கே!"

"அவ இந்த வயசுல வேலையைப் பூட்டிப் போட்டுட்டுல்லா வரணும்."

அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் விசில் கேட்டது. "மவன்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டார். கோபமா, யோசனையா, தெரியவில்லை. இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

மகளிடம் சொன்னேன். முதலில், "எந்தினாம்மா, எதுக்கு அப்படிக் கேட்டீங்க? அவங்க என்ன நெனப்பாங்க?" என்று கத்தினாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். "எனக்கு வேலைய விட இஷ்டமே இல்லம்மா. நீங்க சொல்லுவீங்களான்னு பாத்துட்டு இருந்தேன்" என்றாள்.

பார்த்தாயா? நீயும் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய், நான் சொல்வேனா என்று. ஒவ்வொரு காலையும், குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் வரை.

"எழுந்திரு, இது அவள் இடம்." உனக்காகச் சொல்லாமல் விட்ட அந்த வாக்கியத்தை இத்தனை வருஷம் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன். இன்று எப்படியோ சொல்லிவிட்டேன். என் மகளுக்கு இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நீ மட்டும் இன்னும் நின்றுகொண்டுதான் வருகிறாய்.