விடுதலைக்கு நாற்பது நாள்

மச்சான், ஸலாம்.

கிள்ளான் வீட்டுக்கு உங்கள் பெயரில் அரசாங்கக் கடிதம் ஒன்று வந்தது. மலாய் மொழியில் இருந்ததால் நம் மகள் மெஹ்ரின்தான் வாசித்துச் சொன்னாள். கத்திக்குத்து வழக்கில் நீங்கள் தண்டனை பெற்றதால், உங்களுக்குக் கொடுத்த மலேசியக் குடியுரிமையைப் பறிக்கப் போகிறார்களாம். மறுப்பு இருந்தால் எழுத வேண்டுமாம்.

"அத்தாவ எந்த ஊருக்கும்மா அனுப்புவாங்க?" என்று கேட்டாள்.

"எங்கயும் அனுப்ப மாட்டாங்க லா, போய்ப் படி" என்றேன். இந்தியா பாஸ்போர்ட்டை நீங்கள் திருப்பிக் கொடுத்த அன்று நானும் கூடத்தானே இருந்தேன்; இனி அந்த ஊரும் உங்களுக்கு இல்லை.

வக்கீலைப் பார்த்தேன். பதிலில் உங்கள் கையெழுத்து வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை கொண்டு வருகிறேன். அதுவரை சிறையில் யாரிடமும் சண்டை போடாதீர்கள், மச்சான்.

நீங்கள் வெளியே வர இன்னும் நாற்பது நாள். மெஹ்ரின் தினமும் காலண்டரில் ஒரு நாளை அடிப்பாள். அந்தக் கடிதத்தை வாசித்ததிலிருந்து அடிக்கவில்லை.

துஆவுடன்,
உங்கள் மனைவி