ஐஸ் பார்க்கப் போன உன் அம்மா

அபிஷேகப்பாக்கம்,
1929, ஆனி மாதம்

அன்பு மகன் தணிகைவேலுக்கு,

அப்பா உலகநாதன் ஆசியோடு எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். கிணற்றடிக் கரும்பு இடுப்பளவு வந்துவிட்டது.

உன் கடிதம் கிடைத்தது. தைலமரக் கன்றுகள் பிரான்சு தேசத்துக் குளிரைத் தாங்குமா என்று பார்ப்பதற்காக, உன் துரை அங்கே தம் தோட்டத்தில் ஒன்றையும் மூடாமல் விடச் சொன்னார் என்றும், மாசியில் விழுந்த பனியில் எல்லாம் கருகிப் பட்டை வெடித்து நின்றன என்றும் எழுதியிருந்தாய். பட்டுப்போனதென்று நீ தரையோடு வெட்டிய ஒரு கன்று, வெயில் திரும்பியதும் அடிக்கட்டையில் சிவப்பாய்த் துளிர்த்ததாமே! தண்ணீரே கல்லாகும் குளிரில் அந்த வேர் உயிரை எங்கே வைத்திருந்தது?

உன்னை அழைத்துப்போகும்போது துரை ஒரு வருஷம் என்றுதான் சொன்னார். இப்போது அந்தக் கன்று அடுத்த குளிரையும் தாங்குகிறதா என்று பார்க்க இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார், இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். அம்மாவிடம் சொன்னேன். "ஒரு மரத்துக்காவ எம்புள்ள குளிர்ல நிக்கணுமா? கெளம்பி வரச் சொல்லு" என்றாள். சில நாள் என் முகத்தையே பார்க்கவில்லை. பிறகு அவளாகவே, "அந்தக் குளிரு இன்னாதான்னு நான் பாக்கணும்" என்றாள்.

வண்டி கட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் போனோம். அங்கே ஐஸ் ஆலையில் வேலை செய்யும் அந்தோணிசாமி எனக்குப் பழக்கம். உமியை விலக்கிப் பெரிய பாளம் ஒன்றைக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்தது; அதிலிருந்து புகை கிளம்பியது. அம்மா இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்தாள். "குளிரும்னு பாத்தா நெருப்பா சுடுதே!" என்றாள். "போதும்மா, கை மரத்துப்பூடும்" என்று அந்தோணிசாமி சொல்லியும் எடுக்கவில்லை. பிறகு மடியிலிருந்து ஒரு முருங்கைக் கொத்தை எடுத்தாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. அதை இரண்டு பாளங்களுக்கு நடுவே வைக்கச் சொன்னாள். வெகுநேரம் கழித்து வெளியே எடுத்தபோது வெந்த கீரைபோல் கறுத்துத் துவண்டிருந்தது.

"இதுலயா நின்னு துளுத்துச்சாம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சாமி சந்நிதியில் நிற்பதுபோல் கை கூப்பினாள். வண்டி ஊருக்குள் நுழையும்போதுதான், "இருந்து பாத்துட்டு வரட்டும்" என்றாள்.

ஆகவே இரு. கன்றை மூடக்கூடாது என்பது துரையின் உத்தரவு. உன்னை மூடிக்கொள்ள யாரும் தடை சொல்லவில்லை. கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. கால் ஈரத்தோடு படுக்காதே.

அம்மா சம்மதித்துவிட்டாள் என்று அதற்கு மேலும் தங்கிவிடாதே ராசா. அடுத்த வெயிலில் அது துளிர்த்தாலும் சரி, துளிர்க்காமல் போனாலும் சரி, நீ கப்பலேறிவிடு. முருகன் உன் கூடவே இருக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா